வீடு பார்க்கும் முன் ஆறாம் வகுப்பைப் பாருங்கள்: சென்னையின் நான்கு பகுதிகள், ஓர் ஒப்பீடு

ஏப்ரல் பிறந்தால் எனக்கு இந்த போன் வந்துவிடும். "அண்ணா, சென்னைக்கு மாத்தலாகி வர்றோம், எந்த ஏரியால வீடு பார்க்கலாம்?" இந்த வருடம் விழுப்புரத்திலிருந்து ஒரு தம்பதி. அவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, அவர் மனைவிக்கு எழும்பூர் பக்கம் ஓர் அலுவலகம். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள், மகன் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். இரண்டு பேரும் அரசுப் பள்ளிதான் என்பதில் அவர்களுக்குள் விவாதமே இல்லை. ஆனால் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் வாடகை, அட்வான்ஸ், எத்தனை பெட்ரூம், அவ்வளவுதான். "பொண்ணு எந்த ஸ்கூல்?" என்று கேட்டேன். "வீடு முடிஞ்சதும் பக்கத்துல பார்த்துக்கலாம்ணா" என்றார்.

தனியார் பள்ளி என்றால் அந்த வரிசை பரவாயில்லை. வாசலுக்கு வேன் வரும், பிள்ளை ஏறிக்கொள்ளும், நீங்கள் எங்கே குடியிருந்தாலும் ஒன்றுதான். அரசுப் பள்ளிக்கு வேன் கிடையாது. பிள்ளை நடந்து போக வேண்டும், அல்லது பஸ்ஸில் போக வேண்டும், அல்லது உங்களில் ஒருவர் கொண்டுபோய் விட வேண்டும். அதனால் வாடகை வீடு தேடும் எல்லாருக்கும் பொருந்துகிற அறிவுரை அரசுப் பள்ளிக் குடும்பத்துக்குப் பொருந்தாது. இவர்களுக்குப் பள்ளி முதலில், வீடு அப்புறம்.

நான் குரோம்பேட்டையில் ஆறு வருடம் இருந்துவிட்டு இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். அக்கா குடும்பம் அம்பத்தூரில், சித்தி மேற்கு மாம்பலத்தில். இந்த நான்கையும் உள்ளிருந்து பார்த்தவன் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வேளச்சேரி, மேடவாக்கம் பற்றி ஒரு பத்தி மட்டும் உண்டு.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், ஆறாம் வகுப்பு. தொடக்கப் பள்ளி சென்னையில் கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பல மாநகராட்சிப் பள்ளிகளில் எல்கேஜி, யுகேஜியும் உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை காலைச் சிற்றுண்டி கிடைக்கிறது, 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்துவிட்டது. காலை ஆறரைக்கு டிபன் கட்டிக்கொண்டு ஓடுகிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆக, சின்னப் பிள்ளைக்காகப் பகுதி தேட வேண்டிய அவசியம் அதிகமில்லை.

சிக்கல் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. மேல்நிலைப் பள்ளிகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் முக்கியமான சலுகைகள் எல்லாம் அங்கேதான் தொங்குகின்றன. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் நீண்டது. அதற்குப் பிள்ளை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் "எய்டட் ஸ்கூலும் கவர்மென்ட் மாதிரிதானே" என்று சேர்த்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் கவுன்சலிங் படிவத்தின் முன் உட்கார்ந்து தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். உதவி பெறும் பள்ளிகள் மோசம் என்று சொல்லவில்லை, பல பள்ளிகள் பிரமாதம். ஆனால் அங்கே ஆங்கில வழிப் பிரிவு பெரும்பாலும் சுயநிதியாக இருக்கும், கட்டணம் உண்டு. தெரிந்து சேர்த்தால் சரி.

அப்புறம் பதினொன்றாம் வகுப்பு. எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் எல்லா குரூப்பும் இருக்காது. உயிரியல் இருக்கும் இடத்தில் கணினி அறிவியல் இருக்காது, இருந்தால் தமிழ் வழியில் மட்டும் இருக்கும், அல்லது ஆங்கில வழியில் மட்டும். ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே இதைக் கேட்டு வைத்துக்கொண்டால் நாலைந்து வருடம் கழித்து இன்னொரு முறை வீடு மாற வேண்டியிருக்காது.

இரண்டாவது, சாயங்காலம் நாலு மணி. ஆபீஸ் போகவர எவ்வளவு நேரம் என்று எல்லாரும் பார்க்கிறார்கள். பள்ளி விட்டதற்கும் நீங்கள் வீடு திரும்புவதற்கும் நடுவே இருக்கும் இரண்டரை மணி நேரத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும்? பாட்டி வீடா, டியூஷனா, பக்கத்து வீட்டு அக்காவா? இதற்குப் பதில் இருக்கிற பகுதி, வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் மலிவுதான்.

மூன்றாவது, இரண்டு பேருடைய பயணம். ஒருவருடையது மட்டும் இல்லை. அதிலும் பிள்ளையைக் கொண்டுபோய் விடுகிறவருக்குப் பயணம் குறைவாக இருக்க வேண்டும். நம் ஊரில் அது பெரும்பாலும் அம்மாதான். ஆனால் வீடு தேடும்போது அப்பாவின் ஆபீஸை நடுவில் வைத்துத்தான் வட்டம் போடுகிறார்கள், இதை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

நான்காவது, தண்ணீர். இரண்டு அர்த்தத்திலும். குழாயில் வருவது, தெருவில் நிற்பது. 2015 டிசம்பரில் எவ்வளவு ஏறியது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். 2019 கோடையில் எத்தனை நாள் லாரித் தண்ணீர் என்பதையும் அவரே சொல்வார்.

வாடகை ஐந்தாவதாகத்தான் வருகிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். தள்ளிப் போய்க் குடியேறியதில் வாடகையில் மாதம் 5,000 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளை விட ஆட்டோவுக்கு 3,000, கோடை மூன்று மாதம் லாரித் தண்ணீர்ப் பங்கு, குடிக்க கேன், உங்கள் ஸ்கூட்டர் கூடுதலாகக் குடிக்கிற பெட்ரோல். மிச்சம் எங்கே? வாடகையைவிட மறைவாகக் கடிக்கிறது கரன்ட். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இல்லாமல் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் அந்தச் சலுகை உங்களுக்கு வந்து சேராது. அட்வான்ஸ் விஷயத்தில், 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் ஒழிய மூன்று மாத வாடகைதான். எழுதுகிறார்கள், அதுதான் பிரச்சினை. இருந்தாலும் சட்டம் தெரிந்தவர் மாதிரி பேசினால் பத்து மாத அட்வான்ஸ் ஆறு மாதமாகக் குறைகிறது.

## மேற்கு மாம்பலம், அசோக் நகர்

பயணத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. மாம்பலம் ஸ்டேஷனில் ஏறினால் சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. எதிர்த் திசையில் கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர். அந்த விழுப்புரத் தம்பதிக்கு இரண்டு பேருக்கும் கால் மணி நேர ரயில். அசோக் நகரிலும் வடபழனியிலும் மெட்ரோ வேறு. 2023இல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை போட்ட பிறகு ரங்கநாதன் தெருவுக்குள் இறங்காமலேயே பஸ் பிடிக்கலாம். தீபாவளி நேரத்தில் அந்தப் பக்கம் குடியிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பள்ளி என்றால் அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. சேர்க்கைக்குத் தனியார் பள்ளியிலிருந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிற அரசுப் பள்ளி. அதன் பெயருக்காகவே இந்தப் பகுதியில் வாடகைக்கு வருகிறவர்கள் உண்டு. ஆனால் மகளிர் பள்ளி என்பதைக் கவனியுங்கள். மகளுக்கு இடம் கிடைத்தால் மகனுக்கு வேறு பள்ளி, வேறு திசை. சைதாப்பேட்டையில் அரசு மாதிரி மேல்நிலைப் பள்ளி இருக்கிறது, ஒரு ஸ்டேஷன் தூரம்தான், ஆனால் காலை எட்டரைக்கு இரண்டு பள்ளி, இரண்டு திசை, ஒரு அம்மா என்ற கணக்கு சுலபமில்லை. அண்ணன் தங்கை இருக்கிற வீடுகளில் இது பகுதியையே மாற்றிவிடக்கூடிய விஷயம், யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. அதோடு பெயர் பெற்ற பள்ளி என்றால் கூட்டம் அதிகம், வகுப்பில் பிள்ளைகளும் அதிகம்.

செலவு? வாடகை இந்த நான்கில் இங்கேதான் அதிகம். அந்த வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பழைய அடுக்குமாடி, லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி, பைக் நிறுத்தவே சண்டை. மழைக்கு துரைசாமி சப்வே நிரம்பினால் மேற்கு மாம்பலம் ஒரு தீவு. 2015இலும் 2021 நவம்பரிலும் இங்கே உள்தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியது. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலைக்காக வடபழனி, கோடம்பாக்கம் பக்கம் சாலைகள் பல வருடமாக கொத்தப்பட்டுக் கிடந்தன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி வேலையைப் பற்றி இருக்காது, "நீங்க வெஜ்ஜா?" என்பதாக இருக்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற கேள்வி என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மீன் குழம்பு வைக்கிற வீடு என்றால் உங்களுக்குக் கிடைக்கும் வீடுகளின் எண்ணிக்கை பாதியாகும், மிஞ்சிய பாதிக்கு வாடகை ஏறும். அசோக் நகர், எம்.ஜி.ஆர் நகர் பக்கம் இந்தத் தொல்லை குறைவு.

ஒரே ஒரு பெண் குழந்தை, ஆறாம் வகுப்பு அல்லது அதற்கு மேல், பெற்றோர் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், வாடகை கொஞ்சம் தாங்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே வரலாம்.

## பெரம்பூர்

இங்கே நான் குடியிருப்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், தள்ளிவிட்டுப் படியுங்கள்.

"வட சென்னையா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இந்தப் பகுதி நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அவர்கள் வராததால்தான் நகரத்துக்குள் இந்த வாடகைக்கு இப்படி வீடு கிடைக்கிறது. சென்ட்ரல் ரயிலில் கால் மணி நேரம். எழும்பூருக்குப் பஸ், புரசைவாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ, பெசன்ட் நகர் வரை போகிற 29சி என்று நாலாபக்கமும் வண்டி. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பதால் எழும்பூர் வேலைக்குப் போகிற என் மனைவிக்குப் பயணச் செலவு மாதம் பூஜ்யம். இதை வாடகைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கிண்டிக்குத்தான் இழுக்கும். ரயிலில் சென்ட்ரல் வந்து, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் இன்னொரு ரயில், அல்லது சென்ட்ரலில் மெட்ரோவில் இறங்கி நேராகக் கிண்டி. எப்படியும் ஒரு மணி நேரம். மெட்ரோ வசதி, ஆனால் தினமும் போய்வந்தால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மூன்றாவது வழித்தடம் பெரம்பூர் வழியாகத்தான் வருகிறது. வந்தபின் நிலைமை மாறும், வாடகையும் சேர்ந்து மாறும். வேலை நடக்கிற காலத்தில் தூசியைத் தின்றவர்கள் நாங்கள்.

பள்ளிகளில் பெரம்பூர் சென்னைப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாநகராட்சிப் பள்ளிகளில் பெயர் சொல்லும் ஒன்று. இங்கேயும் பெண்கள் பள்ளிதான், ஆனால் பையன்களுக்கான மேல்நிலைப் பள்ளியும் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, இரண்டு பேரையும் ஒரே நடையில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போய்விடலாம் என்கிற மாதிரி தெருக்கள் இருக்கின்றன. வீடு தேடும்போது அந்தத் தெருக்களில்தான் தேட வேண்டும். பெரம்பூர் என்று பொதுவாகத் தேடினால் அகரம், செம்பியம், ஜமாலியா என்று புரோக்கர் எங்கெங்கோ கொண்டுபோவார்.

நாலு மணிப் பிரச்சினைக்கு இங்கே பதில் உண்டு. ரயில்வே, ஐசிஎப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிற இடம், ஒவ்வொரு தெருவிலும் டியூஷன் எடுக்கிற ஒரு அக்காவும், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைக்கு வாசலில் உட்கார்ந்தபடியே கண் வைத்திருக்கிற ஒரு பாட்டியும் கட்டாயம் இருப்பார்கள். அடுக்குமாடியில் கேட் பூட்டி வாட்ச்மேன் வைத்தாலும் இது கிடைக்காது.

குறைகள்: தெரு குறுகல். கார் வைத்திருக்கிறவர்கள் வரவேண்டாம். மழை அடித்தால் ரயில் பாதைக்குக் கீழே போகிற சப்வேக்கள் மூழ்கும், ஓட்டேரி நல்லா கால்வாயை ஒட்டிய தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்கும். மிக்ஜாமில் ஜவஹர் நகர் பக்கம் படகு ஓடியது. வீட்டின் தரை தெருவைவிட எத்தனை படி உயரம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று படிக்குக் குறைந்த தரைத்தளம் என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

## அம்பத்தூர், கொரட்டூர்

1964இல் தொழிற்பேட்டை வந்தபின் வளர்ந்த ஊர். கொஞ்சம் நகரம், கொஞ்சம் ஊர்ப்புறம், தனி வீடு, வாசலில் முருங்கை மரம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் இடம். அக்கா வீட்டில் கிணறு இருக்கிறது. அதே வாடகைக்குப் பெரம்பூரில் ஒரு பெட்ரூம் குறையும்.

2011இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் இருந்த 139 அரசுப் பள்ளிகள் பிற்பாடு மாநகராட்சியின் பொறுப்புக்கு வந்தன. அதனால் இங்கே போர்டில் ஒரு பெயர், பேச்சுவழக்கில் ஒரு பெயர் என்று சில பள்ளிகள் இருக்கும், குழம்ப வேண்டாம், சலுகைகளில் வித்தியாசம் இல்லை. பெண்களுக்குப் பெருந்தலைவர் காமராஜர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. சர் ராமசாமி முதலியார் மேல்நிலைப் பள்ளி உதவி பெறும் பள்ளி, ஊரில் நல்ல மரியாதை உண்டு, ஆனால் மேலே சொன்ன 7.5 கணக்கை நினைவில் வையுங்கள்.

வேலை அம்பத்தூர் எஸ்டேட், பாடி, ஆவடி, அண்ணா நகர் என்றால் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பேச்சே வேண்டாம். வேலை கிண்டியில் என்றால் யோசியுங்கள். ரயிலில் சென்ட்ரல் வந்து மாறினால் ஒன்றேகால் மணி நேரம். பஸ்ஸில் திருமங்கலம் போய் மெட்ரோ பிடித்தால் ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர் வரை சுகம், ஆனால் பாடியையும் திருமங்கலத்தையும் காலை எட்டரைக்குக் கடப்பது உங்கள் ஜாதகத்தைப் பொறுத்தது. ரயில் திருவள்ளூர், அரக்கோணத்திலிருந்தே நிரம்பி வருகிறது, அம்பத்தூரில் உட்கார இடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்.

கொரட்டூர் ஏரியை ஒட்டிய குடியிருப்புகள், பட்டரவாக்கம் பக்கம், மிக்ஜாமில் நன்றாக வாங்கியவை. இங்கே பார்க்க வேண்டிய இன்னொன்று புதைசாக்கடை. எல்லாத் தெருவுக்கும் இணைப்பு வந்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள், செப்டிக் டேங்க் என்றால் லாரி யார் செலவு என்று ஒப்பந்தம் போடும்போதே கேட்டுவிடுங்கள். அக்கா கேட்கவில்லை. முதல் மழைக்காலத்தில் இரண்டு முறை கட்டினார்.

பிள்ளை இன்னும் தொடக்கப் பள்ளியில், தாத்தா பாட்டி கூட இருக்கிறார்கள், கொஞ்சம் இடம் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு அம்பத்தூர்.

## குரோம்பேட்டை, தாம்பரம்

தென் மாவட்டக்காரர்கள் சென்னையில் முதலில் கால் வைக்கிற இடம். காரணம் எளிது: ஊருக்குப் போகிற ரயில்கள் பல தாம்பரத்தில் நிற்கின்றன, 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் முனையமும் இந்தப் பக்கம்தான். பொங்கலுக்கு முந்தின நாள் நகரத்திலிருந்து கிளம்புகிறவர்கள் பெருங்களத்தூரில் மூன்று மணி நேரம் நிற்கும்போது தாம்பரத்துக்காரர் செங்கல்பட்டைத் தாண்டியிருப்பார்.

ரயிலில் கிண்டி அரை மணிக்குள், எழும்பூர் முக்கால் மணி. இந்த விழுப்புரத் தம்பதிக்கு இது மோசமில்லை. தாம்பரத்தில் கிளம்புகிற வண்டியில் ஏறினால் உட்காரலாம், குரோம்பேட்டையில் ஏறினால் நிற்கலாம், பல்லாவரத்தில் ஏறினால் தொங்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது, டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். சாதாரண வண்டியில் சீசன் டிக்கெட் எடுத்தால் சென்னையிலேயே மலிவான பயணம் இதுதான்.

இனி நான் பட்ட கதை. குரோம்பேட்டையில் வீடு பிடித்தபோது பள்ளி ஒரு கிலோமீட்டர் என்று வரைபடம் காட்டியது. உண்மைதான், ஆனால் நடுவில் ரயில் பாதையும் ஜிஎஸ்டி சாலையும் இருந்தன. அந்த ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒரு எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. ஆறு வருடமும் காலையில் நானோ மனைவியோ கொண்டுபோய் விட்டோம், மாலையில் ஆட்டோ. குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் எங்கே வீடு பார்த்தாலும் முதல் கேள்வி "லைனுக்குக் கிழக்கா, மேற்கா?" என்பதுதான். வீடும் பள்ளியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஸ்டேஷன் எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை, பெரியவர்கள் படி ஏறி இறங்கிக்கொள்வோம்.

இது சென்னை மாநகராட்சி இல்லை. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி, செங்கல்பட்டு மாவட்டம். குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் உண்டு. பெயர் பெற்ற பழைய பள்ளிகளில் பல, தாம்பரம் கார்லி பள்ளி உட்பட, உதவி பெறுபவை. அதனால் "நல்ல ஸ்கூல்" என்று அக்கம்பக்கத்தார் சொல்கிற பெயர் எந்த வகை என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இந்தப் பகுதி ஒரே மாதிரி இல்லை. அடையாறு ஓரம் இருக்கிற முடிச்சூர், வரதராஜபுரம் 2015இலும் மூழ்கின, 2023இலும் மூழ்கின. வாடகை அங்கே குறைவு என்றால் காரணம் அதுதான். கிழக்குத் தாம்பரத்தின் மேடான தெருக்களில் மழைக்குப் பயமில்லை, கோடைக்குத்தான் பயம், நிலத்தடி நீரையும் லாரியையும் நம்பிய வாழ்க்கை.

## வேளச்சேரி, மேடவாக்கம் ஏன் பட்டியலில் இல்லை

வேலை ஓஎம்ஆரில், தரமணியில் என்றால் இருக்கட்டும். வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் தரமணி, திருவான்மியூர் சில நிமிஷம்தான். ஆனால் இங்கே அடுக்குமாடிகள் வந்த வேகத்துக்கு அரசு மேல்நிலைப் பள்ளிகள் வரவில்லை, இந்தப் பகுதி தனியார் பள்ளி வேனை நம்பிக் கட்டப்பட்டது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கே நிற்கும் என்பதையும் மிக்ஜாம் காட்டிவிட்டது. அரசுப் பள்ளிக் குடும்பத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

## ஒரு பார்வையில்

| | மேற்கு மாம்பலம், அசோக் நகர் | பெரம்பூர் | அம்பத்தூர், கொரட்டூர் | குரோம்பேட்டை, தாம்பரம் |
|---|---|---|---|---|
| ஆறு முதல் 12 வரை அரசுப் பள்ளி | மகளுக்கு மிக நன்று, மகனுக்கு வேறு திசை | இருவருக்கும் நன்று | நன்று, தேர்ந்து பார்க்க வேண்டும் | உண்டு, பெயர் பெற்றவை பல உதவி பெறுபவை |
| கிண்டிக்கு | 10 நிமிடம் | ஒரு மணி நேரம் | ஒன்றேகால் மணி | அரை மணி |
| எழும்பூர், சென்ட்ரலுக்கு | கால் மணி | கால் மணி முதல் அரை மணி | அரை மணிக்கு மேல் | முக்கால் மணிக்கு மேல் |
| மழையில் | சப்வே, உள்தெருக்கள் | கால்வாய் ஓரம், சப்வே | ஏரி ஓரம் | முடிச்சூர் பக்கம் வேண்டாம் |
| வாடகை | அதிகம் | நடுத்தரம் | குறைவு, இடம் அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் |
| மறைவான செலவு | பழைய கட்டடம், "வெஜ்ஜா?" | நிறுத்த இடம் இல்லை | செப்டிக் லாரி, பெட்ரோல் | லைனைக் கடக்க ஆட்டோ, கோடைத் தண்ணீர் |

ரயில் நேரங்கள் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை உங்கள் பாடு.

## அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்காதீர்கள். ஞாயிறு எல்லா ஏரியாவும் அழகாகத்தான் இருக்கும். ஒரு வேலை நாளில் லீவு போட்டுக் காலை எட்டேகாலுக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை பிள்ளையோடு நடந்து பாருங்கள், எத்தனை இடத்தில் பிள்ளையின் கையைப் பிடித்தீர்கள் என்று எண்ணுங்கள். திரும்ப நாலு மணிக்குப் பள்ளி வாசலில் நில்லுங்கள். வெளியே வருகிற பிள்ளைகள் எந்தப் பக்கம் போகிறார்கள், யார் கூட்டிப்போகிறார்கள், வாசலில் நிற்கிற அம்மாக்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கழிவறைக்குத் தண்ணீர் வருகிறதா என்று எந்தத் தலைமை ஆசிரியரிடமும் கேட்க வேண்டாம், ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் தலைவர், அவர் யார் என்று விசாரித்து ஒரு வார்த்தை பேசுங்கள். சுறுசுறுப்பான ஆளாக இருந்தால் அந்தப் பள்ளிக்குப் பாதி மதிப்பெண் அப்போதே போட்டுவிடலாம்.

பேரம் பேச உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. சேர்க்கை மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது, மே கடைசி வாரத்தில்தான் வீடு தேடுகிற கூட்டம் வரும். ஏப்ரலிலேயே பள்ளியில் பேசிவிட்டு அந்த இரண்டு மூன்று தெருவில் மட்டும் தேடினால் வீட்டுக்காரர் உங்களைத் தேடி வருவார்.

விழுப்புரத்துக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு முதலில் அசோக் நகர் என்றார், வாடகையைக் கேட்டதும் தாம்பரம் என்றார். அவர் மனைவிதான் குறுக்கிட்டு, "காலைல ரெண்டு பேரையும் ஸ்கூல்ல விடப்போறது நான், அப்ப என் ஆபீஸுக்குப் பக்கமா பார்ப்போம்" என்றார். போன வாரம் பெரம்பூரில் முதல் மாடி, இரண்டு பெட்ரூம், தெருவிலிருந்து நாலு படி உயரம், தனி மீட்டர், ஆறு மாத அட்வான்ஸ். கிண்டி வரை அவர் எப்படிப் போவது என்பது அவர் கவலை, சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு விழுப்புரத்துப் பள்ளியில் மகளின் மாற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற அடையாள எண்) அதில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன்.